ஒரே பக்கம், பல கைகள்



எட்டயபுரத்தைப் பற்றி உங்கள் வகுப்பு ஒரு கட்டுரை எழுதப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டீச்சர் நான்கு பேரை ஒரு குழுவாகச் சேர்த்துவிட்டார். ஒருவருக்குப் பாரதியார் பிறந்த வீடு. ஒருவருக்கு உமறுப்புலவர் அடக்கத்தலம். ஒருவருக்கு இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் நினைவிடம். இன்னொருவருக்குப் பாரதி மணிமண்டபம்.

நான்கு பேரும் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில் ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் நான்கு திரையிலும் இருப்பது ஒரே பக்கம். ஒரே நேரத்தில் நான்கு பேரும் அதில் எழுத வேண்டும்.

“எழுத்தெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடாதா?”

இந்தக் கேள்வி உனக்குத் தோன்றியதா? சபாஷ் கண்ணு! கணினி அறிஞர்கள் பல வருஷம் தலையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. உனக்கு அது ஒரு நிமிஷத்தில் தோன்றிவிட்டது. வா, சேர்ந்து விடை தேடுவோம்.

அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது?

கூகுள் டாக்ஸ் மாதிரி ஒரு கருவியை உங்கள் சார் திறந்து காட்டியிருப்பார். அந்தப் பக்கம் உன் கணினிக்குள் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது தொலைவில் இருக்கும் ஒரு பெரிய கணினியில் இருக்கிறது. அதற்கு சர்வர் என்று பெயர். உன் திரையில் தெரிவது அந்தப் பக்கத்தின் நகல்.

நீ ஒரு விசையைத் தட்டுகிறாய். உடனே ஒரு சின்னச் செய்தி சர்வருக்குப் போகிறது. “இத்தனையாவது இடத்தில் இந்த எழுத்தைச் சேர்” என்பதுதான் அந்தச் செய்தி. சர்வர் தன்னிடம் உள்ள பக்கத்தில் அதைச் சேர்க்கிறது. பிறகு மற்ற மூன்று கணினிகளுக்கும் சொல்லி அனுப்புகிறது. அங்கேயும் அந்த எழுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதெல்லாம் எவ்வளவு நேரத்தில் நடக்கிறது?

நம் பக்கத்துக் கடலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் கல்கிசை வரைக்கும் கடலுக்கு அடியில் ஒரு கேபிள் போட்டார்கள். நீளம் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு காலத்தில் முத்துக்குளித்த கடல் அது. கேபிளுக்குள்ளே முடி போல மெல்லிய கண்ணாடி இழைகள் இருக்கும். அவற்றின் வழியே செய்தி ஒளியாக ஓடும். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு நொடியில் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும்.

இப்போது நீயே கணக்குப் போடு. முந்நூறு கிலோமீட்டரை இரண்டு லட்சத்தால் வகுத்துப் பார். ஒரு நொடியை ஆயிரம் பங்காகப் பிரித்தால், அதில் இரண்டு பங்கு நேரம்கூட ஆகாது! கண் இமைக்கிற நேரம் இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது.

ஆனாலும் நேரம் ஆகிறது, இல்லையா? வழியில் பல கணினிகளைத் தாண்டிப் போக வேண்டும். அதனால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். அந்தக் குட்டித் தாமதத்தில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. அது என்ன என்று பார்ப்போம்.

செல்வியும் இப்ராஹிமும்

உன் குழுவில் செல்வி என்றும் இப்ராஹிம் என்றும் இரண்டு பேர் இருக்கிறார்கள். பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

எட்டயபுரத்தில் பாரதியர் பிறந்தார்.

மொத்தம் மூன்று சொற்கள். ஒரு சொல்லில் கால் விட்டுப் போயிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டாயா? ‘பாரதியார்’ என்று இருக்க வேண்டும்.

இப்ராஹிம் அதைப் பார்த்துவிட்டான். அவன் கணினி சர்வருக்கு ஒரு செய்தி அனுப்புகிறது: “இரண்டாவது சொல்லை எடுத்துவிட்டு, பாரதியார் என்று போடு.”

அதே நேரம் செல்வி ஆண்டைச் சேர்க்க நினைக்கிறாள். அவள் கணினி அனுப்பும் செய்தி: “முதல் சொல்லுக்கு அடுத்து, 1882இல் என்று சேர்.”

இரண்டு செய்திகளும் புறப்பட்டுவிட்டன. செல்வி அனுப்பியது முதலில் போய்ச் சேர்கிறது. சர்வரில் வரி இப்படி மாறுகிறது:

எட்டயபுரத்தில் 1882இல் பாரதியர் பிறந்தார்.

அடுத்து இப்ராஹிமின் செய்தி வருகிறது. “இரண்டாவது சொல்லை எடு.” இப்போது இரண்டாவது சொல் எது? 1882இல்! சர்வர் யோசிக்காமல் அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

எட்டயபுரத்தில் பாரதியார் பாரதியர் பிறந்தார்.

ஐயோ! செல்வி சேர்த்த ஆண்டும் போயிற்று, பிழையும் அப்படியே இருக்கிறது. இரண்டு பேரும் சரியாகத்தான் செய்தார்கள். ஆனாலும் வரி கெட்டுவிட்டது.

கொஞ்சம் நில். இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் அந்த வரிகளை ஒரு தாளில் எழுதி, சொற்களுக்கு மேல் 1, 2, 3 என்று எண் போட்டுப் பார். உடனே பிடிபட்டுவிடும்.

வரிசையில் ஒருவர் நுழைந்தால்

இதற்குத் தீர்வு உனக்கு முன்பே தெரியும். மதிய உணவு வரிசையில் நீ இரண்டாவதாக நிற்கிறாய். சின்ன வகுப்புப் பிள்ளை ஒருத்தியை டீச்சர் கூட்டி வந்து உனக்கு முன்னால் நிறுத்துகிறார். இப்போது நீ எத்தனையாவது? மூன்றாவது. நீ நகரவே இல்லை, ஆனால் உன் எண் மாறிவிட்டது.

சர்வரும் இதையேதான் செய்கிறது. இப்ராஹிமின் செய்தியைப் படித்ததும் யோசிக்கிறது: “இந்தப் பையன் இதை எழுதியபோது செல்வியின் சொல்லைப் பார்த்திருக்கவில்லை. நடுவில் ஒரு சொல் நுழைந்துவிட்டது. ஆகவே அவன் சொன்ன இரண்டு இப்போது மூன்று.” எண்ணை மாற்றிக்கொண்டு வேலையை முடிக்கிறது.

எட்டயபுரத்தில் 1882இல் பாரதியார் பிறந்தார்.

இரண்டு பேர் உழைப்பும் வீணாகவில்லை. வரியும் சரியாகிவிட்டது!

இந்த யோசனையை 1989இல் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். எல்லிஸின் கதை உங்களுக்குப் பிடிக்கும். அவர் சிகாகோ நகரத்துக் கறுப்பினப் பையன். பதினைந்து வயதில் ஒரு நிறுவனத்தில் இரவுக் காவல் வேலைக்குப் போனார். அங்கே ஒரு கணினி இருந்தது. அதைத் தொடக் கூடாது என்று உத்தரவு. ஆனால் அதன் கையேடுகளைப் படிக்கலாம். இரவெல்லாம் உட்கார்ந்து படித்துத் தள்ளிவிட்டார்! பின்னாளில் அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அது 1969இல்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1968 டிசம்பர் 9ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் ஓர் அதிசயம் செய்து காட்டினார். அவர் மேடையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய நண்பர் மென்லோ பார்க் என்ற ஊரில் இருந்தார். நடுவில் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த தூரம். இரண்டு பேரும் ஒரே திரையில் ஒரே எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள். மவுஸ் என்ற கருவியை உலகம் முதன்முதலில் பார்த்ததும் அன்றைக்குத்தான்.

ஏழா, பத்தா?

மேலே நான் சொற்களை எண்ணினேன். உனக்கு எளிதாகப் புரியட்டும் என்பதற்காக. உண்மையில் கணினி குறிகளை எண்ணும்.

‘எட்டயபுரம்’ என்ற பெயரில் எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணு. எ, ட், ட, ய, பு, ர, ம். ஏழு. தமிழ் டீச்சர் சொல்லித் தந்தபடி ஏழுதான்.

ஆனால் கணினிக்கு அது பத்து! ஏன் தெரியுமா? யுனிகோடு என்ற உலகப் பொது முறையில், ‘ட்’ என்பதை ட ஒன்று, மேலே உள்ள புள்ளி ஒன்று என இரண்டாகச் சேமிக்கிறார்கள். ‘பு’ என்றால் ப ஒன்று, உகரக் குறி ஒன்று. ‘ம்’ என்றால் ம ஒன்று, புள்ளி ஒன்று. ஆக, மூன்று எழுத்துகள் இரண்டிரண்டாகின்றன. ஏழோடு மூன்று சேர்ந்தால் பத்து.

உன் பெயர் கணினிக்கு எத்தனை என்று எண்ணிப் பார். மெய்யெழுத்து ஒவ்வொன்றும் இரண்டு. குறி போட்ட உயிர்மெய் ஒவ்வொன்றும் இரண்டு. மற்றவை ஒவ்வொன்றும் ஒன்று.

இன்னொரு வழி: விக்கிப்பீடியா

எல்லாக் கருவிகளும் இரண்டு பேர் மாற்றியதைத் தானாகவே ஒட்டவைப்பதில்லை. விக்கிப்பீடியா வேறு வழியில் போகிறது.

தமிழ் விக்கிப்பீடியாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2003ஆம் ஆண்டு தொடங்கியது. இலங்கைத் தமிழரான மயூரநாதன், கட்டடக் கலை படித்தவர், தொடக்க நாள்களிலிருந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பலர் வந்து சேர்ந்தார்கள். யாரும் சம்பளம் வாங்கவில்லை. 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தொட்டன. அதே ஆண்டு தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பலர் பயிற்சி எடுத்துக்கொண்டு அதில் எழுதினார்கள். உங்கள் பள்ளி ஆசிரியர்கூட அவர்களில் ஒருவராக இருக்கலாம். கேட்டுப் பாருங்களேன்.

அங்கே ‘தொகு’ என்பதை அழுத்தினால் எழுதலாம். ஒரே பத்தியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால் என்ன ஆகும்? முதலில் சேமித்தவருடையது ஏறிவிடும். இரண்டாமவருக்கு ஓர் அறிவிப்பு வரும். “உங்களுக்கு முன்னால் ஒருவர் மாற்றிவிட்டார், இரண்டையும் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்” என்பது அதன் பொருள். அதாவது, முடிவு மனிதர் கையில்.

அங்கே இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது. அதுதான் ‘வரலாறு’. யார் எழுதினார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார் என்று எல்லாம் அதில் பதிந்திருக்கும். தவறாக எதையாவது அழித்துவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். கூகுள் டாக்ஸிலும் இப்படிப் பழைய வடிவங்கள் இருக்கும்.

இதனால் என்ன நன்மை? முதலாவது, பயம் போகிறது. தப்பாகிவிடுமோ என்று நடுங்கிக்கொண்டு யாரும் நன்றாக எழுத முடியாது. இரண்டாவது, யார் எவ்வளவு உழைத்தார் என்பது தெரிகிறது. ஒருவர் எழுத, மூன்று பேர் பெயர் மட்டும் போட்டுக்கொள்ளும் வேலை நடக்காது!

மஞ்சளும் பச்சையும்

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் விக்கிமூலம். பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தன்னார்வலர்கள் அங்கே பக்கம் பக்கமாகத் தட்டச்சு வடிவில் ஏற்றுகிறார்கள். பாரதியாரின் எழுத்துகளும் அங்கே உண்டு. அவற்றின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கியது. பிறகு அவை மக்களின் பொதுச் சொத்தாயின. அதனால் யாரும் அவற்றைத் தாராளமாக வெளியிடலாம்.

முதலில் புத்தகப் பக்கத்தைப் படம் பிடிப்பார்கள். எழுத்துணரி என்ற மென்பொருள் படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றும். ஆனால் அதற்கும் கண் தடுமாறும். ‘ர’ என்ற எழுத்தும் ‘கா’வில் வருகிற காலும் பார்ப்பதற்கு எவ்வளவு ஒத்திருக்கின்றன! ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும். ஆகவே மனிதர் ஒருவர் படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்துத் திருத்த வேண்டும். இதற்கு மெய்ப்பு பார்த்தல் என்று பெயர்.

ஒருவர் மெய்ப்பு பார்த்து முடித்தால் அந்தப் பக்கத்துக்கு மஞ்சள் நிறம். இரண்டாவது ஒருவர் சரிபார்த்தால்தான் பச்சை. கவனி: மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்க முடியாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மென்பொருள் விடாது!

ஏன் இப்படி ஒரு விதி? நாம் எழுதியதை நாமே படிக்கும்போது, மனசில் இருப்பதைத்தான் படிக்கிறோம். தாளில் இருப்பது கண்ணில் படுவதில்லை. ‘பாரதியர்’ என்று எழுதியவர், அதைப் ‘பாரதியார்’ என்றே வாசித்துக்கொண்டு போய்விடுவார். புதிதாகப் பார்க்கிறவர்தான் சட்டென்று பிடிப்பார்.

இதுதான் நான் இன்று உனக்குச் சொல்ல வந்த விஷயம். நான்கு பேர் ஆளுக்கொரு பத்தி எழுதி ஒட்டினால், நான்கு தனிக் கட்டுரைகள்தான் கிடைக்கும். உன் பத்தியை இன்னொருவரும், அவர் பத்தியை நீயும் படித்துத் திருத்தும்போதுதான் அது சேர்ந்து எழுதிய கட்டுரை ஆகிறது.

எட்டயபுரத்துக்கு இது பழைய வழக்கம்

1904ஆம் ஆண்டு. எட்டயபுரத்திலேயே இருந்த வித்யா விலாசினி அச்சகத்திலிருந்து ஒரு மாபெரும் இசைப் புத்தகம் வெளிவந்தது. ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்பது அதன் பெயர். தெலுங்கில் எழுதியவர் சுப்பராம தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

அவர் தனியாக அதைச் செய்துவிடவில்லை. “நீங்கள் மனசில் வைத்திருக்கும் பாடல்களை எழுதிவைக்க வேண்டும்” என்று அவரை விடாமல் கேட்டுத் தூண்டியவர் சின்னசாமி முதலியார். அச்சிட உதவியது எட்டயபுரம் அரண்மனை. பல காலம் கழித்து அந்தப் புத்தகத்தைச் சென்னை மியூசிக் அகாடமி தமிழில் வெளியிட்டது. அதற்கும் பிறகு ஆர்வலர்கள் சேர்ந்து அதை ஆங்கிலமாக்கி இணையத்தில் வைத்தார்கள்.

பார்த்தாயா? ஒருவர் நினைவு, ஒருவர் தூண்டுதல், ஒருவர் பணம், பலர் மொழிபெயர்ப்பு. நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு புத்தகத்தில் பல கைகள்!

எப்படித் திருத்துவது?

கருவி எண்களை மாற்றிச் சிக்கலைத் தீர்த்துவிடும். ஆனால் மனஸ்தாபத்தைத் தீர்க்கத் தெரியாது. அது நம் வேலை.

செல்வி இப்படி எழுதுகிறாள்: “பாரதி மணிமண்டபம் 1945இல் திறக்கப்பட்டது.” இப்ராஹிமுக்கு அது தவறு என்று தெரியும். “தப்பு” என்று அழித்துவிட்டுப் போகலாமா? கூடாது. பக்கத்தில் ஒரு குறிப்பு போடலாம்: “செல்வி, 1945இல் அடிக்கல் நாட்டினார்கள். ராஜாஜி திறந்துவைத்தது 1947இல். இதோ, இந்தப் புத்தகத்தில் பார்த்தேன்.”

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எது சரி என்று சொன்னான். எங்கே பார்த்தான் என்றும் சொன்னான். செல்விக்கு வருத்தம் வராது. அவளும் ஒன்று கற்றுக்கொள்வாள்.

ஒரு புத்தகம் ஒன்றைச் சொல்கிறது, இன்னொன்று வேறு மாதிரி சொல்கிறது என்றால்? சண்டை வேண்டாம். இரண்டையும் எழுதி, எது எந்தப் புத்தகத்தில் உள்ளது என்று போட்டுவிடுங்கள். பெரிய ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இன்னும் சில விஷயங்களை மறக்காதீர்கள். வேறொருவர் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது. படித்துப் புரிந்துகொண்டு, சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். எல்லோரும் பார்க்கும் இணையப் பக்கத்தில் உங்கள் வீட்டு முகவரி, போன் நம்பர், போட்டோ எதையும் போடக் கூடாது. கடவுச்சொல்லை உயிர் நண்பனுக்கும் சொல்லக் கூடாது. யாராவது மோசமாக எழுதினால் பதில் எழுதாமல் டீச்சரிடமோ அம்மா அப்பாவிடமோ காட்ட வேண்டும்.

லேபில் கணினி குறைவா? கவலையே இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நீல மையில் ஒருவர் எழுதட்டும். மஞ்சள் பென்சிலில் இரண்டாமவர் திருத்தட்டும். மூன்றாமவர் படித்து முடித்ததும் ஓரத்தில் பச்சையில் ஒரு டிக் போட்டு, தன் பெயரையும் தேதியையும் எழுதட்டும். வரலாறும் ஆச்சு, மெய்ப்பும் ஆச்சு!

இந்த வாரமே தொடங்குங்கள், செல்லங்களே. எட்டயபுரத்துப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி எழுதட்டும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி எழுதட்டும். ஒரே ஒரு பத்தி போதும். அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, “இதில் எனக்குத் தெரியாத பிழை ஏதாவது இருக்கிறதா?” என்று கேளுங்கள். அவர் ஒன்றைக் காட்டினால் முகம் வாட வேண்டாம், நன்றி சொல்லுங்கள். பிறகு அவருடைய பத்தியை வாங்கி நீங்கள் படியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறிவியல் மாமா